பழைய 32-பிட் கணினிகளுக்கான ஆதரவை எப்போது நிறுத்தலாம்? பால் சங்க மென்பொருள் பற்றி ஒரு கேள்வி

சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்) கேட்டது:

நண்பர்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் வட்டாரத்தில் சில பால் சங்கங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதி, திறந்த மூலமாக வெளியிட்டுப் பராமரித்து வருகிறேன். காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிறவர்களின் லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) எல்லாவற்றையும் சோதனை மெஷினிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடுத்து, விலை போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு தமிழிலும் மலையாளத்திலும் வரும். ஊற்றுகிறவர்களில் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும், சங்கத்துப் பதிவேடோ மலையாளத்தில் இருக்க வேண்டும், அதனால் இரண்டும் இல்லாமல் முடியாது. சி++ மொழி, திரையை வரைய க்யூடி 5, கணக்கைச் சேமிக்க எஸ்க்யூலைட், அவ்வளவுதான் உள்ளே.

பெரிய சங்கங்களில் ஓரளவு நல்ல கணினி இருக்கிறது. சின்னச் சங்கங்களில் பெண்டியம் 4, பழைய ஆட்டம் போர்டு என்று யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றில் டெபியன் என்ற லினக்ஸின் 32-பிட் பதிப்பைப் போட்டு ஓட்டுகிறோம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் பிசிக்கு கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இல்லை, நிறுவியும் (இன்ஸ்டாலர்) இல்லை. ஃபயர்பாக்ஸும் லினக்ஸில் 32-பிட்டை 144ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது, இஎஸ்ஆர் 140 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது வரும் என்றார்கள். மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கையை விடுகிறார்கள்.

எனக்கு உள்ள பாரம் என்னவென்றால், ஒவ்வொரு ரிலீஸையும் இரண்டு முறை கம்பைல் செய்து இரண்டு முறை சோதிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு பக் என்னைப் படுத்திவிட்டது. ஐந்தரை லிட்டர், லிட்டருக்கு 38.45 ரூபாய் என்றால் 211.475 வருகிறது. இப்படி நட்ட நடுவில் நிற்கும் தொகைகள் சில 32-பிட் மெஷினில் 47 பைசாவாகவும் 64-பிட் மெஷினில் 48 பைசாவாகவும் (சிலவற்றில் மாறியும்) முழுமையாக்கப்படுகின்றன. ஒரு பைசாதானே என்று விட முடியாது. பத்து நாள் பில்லைக் கூட்டும்போது சங்கத்துக் கணக்கும் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், அடுத்த நாள் காலையில் செயலாளரைச் சுற்றிக் கேனோடு ஆட்கள் நிற்பார்கள்.

இந்த வேலைக்கு நான் ஒருவன்தான். க்யூடி 6க்கு மாற வேண்டும், அதுவும் தலைக்குமேல் நிற்கிறது. 32-பிட்டை நிறுத்திவிட்டால் பாதி வேலை குறையும். ஆனால் நிறுத்தினால் அடிபடப்போவது கிழக்கே இருக்கும் சின்னச் சங்கங்கள்தான். புது கணினி வாங்குங்கள் என்று நான் சொல்லிவிடலாம், அவர்கள் அதை நிர்வாகக் குழுவில் வைத்து, மூன்று கொட்டேஷன் வாங்கி, தீர்மானம் எழுதி, தணிக்கைக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வருஷம் ஓடிவிடும்.

எதை வைத்து முடிவு செய்வது? டெபியன் விட்டால் நாமும் விட்டுவிடலாமா, அல்லது கடைசி ஆள் போகும்வரை தாங்க வேண்டுமா? எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவிறக்கக் கணக்கை வைத்துச் சொல்லவும் முடியாது, ஒரு பென்டிரைவ்தான் சங்கம் சங்கமாகப் போகிறது.

---

குப்பம்_பேக்கேஜ் எழுதியது:

அண்ணா, வணக்கம். நான் குப்பம், ஆந்திரா. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, வேலைக்குப் பெங்களூர் ரயில். லினக்ஸ் பேக்கேஜ் கட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் இந்தச் சண்டையைத் தினமும் பார்க்கிறேன்.

மெஷினுக்கு எத்தனை வயது என்பதை வைத்து யாரும் நல்ல முடிவு எடுத்ததில்லை. அந்த ஆதரவு இருப்பதால் மற்ற எல்லோருக்குமான கோடில் என்ன இடைஞ்சல் வருகிறது, அந்த இடைஞ்சலைச் சுமக்க ஆள் இருக்கிறாரா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னலே 386இல் பிறந்தது. அதே 386ஐ 2012 கடைசியில் நீக்கினார்கள், 2013இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து இல்லை. 386இல் சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி என்ற கட்டளையே கிடையாது. பல ப்ராசஸர்கள் ஒரே நினைவகத்தைத் தொடும்போது பூட்டுப் போட அது அவசியம். அது இல்லாத சிப்புக்காகத் தனி வழிகளை எழுதி வைத்ததில், புதிய மெஷின்களுக்கான கோடைத் திருத்தும்போதெல்லாம் வேலை கூடியது. இன்டெலின் இட்டானியம் என்ற சர்வர் சிப்பின் கதையும் கிட்டத்தட்ட அதுதான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய் கெர்னல் 6.7இல் வெளியே போனது.

தப்பாகச் செய்தவர்களையும் பாருங்கள். 2019 ஜூனில் உபுண்டு லினக்ஸ், அடுத்த பதிப்பில் 32-பிட் பேக்கேஜ் எதுவுமே இருக்காது என்று அறிவித்தது. ஸ்டீம் விளையாட்டுகளும் வைனும் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவது) 32-பிட் லைப்ரரிகளை நம்பி இருக்கின்றன என்று பெரிய எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று மாற்றிக்கொண்டார்கள். பயன்படுத்துகிறவர்களை முதலில் கேட்டிருந்தால் அந்த வாரம் அவர்களுக்கு அப்படிப் போயிருக்காது. 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4இல் ரஸ்ட் என்ற மொழி கட்டாயமானது. ரஸ்ட் கம்பைலர் இல்லாத பழைய கட்டமைப்புகள் அப்படியே நின்றுபோயின. அது போதாதென்று ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் மேல் கட்டிய எத்தனையோ பில்டுகளும் அன்றைக்கு உடைந்தன. ரஸ்டுக்கு மாறியது நல்ல முடிவு என்றுதான் நான் இன்றும் சொல்வேன், ஆனால் செய்தி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் மெசா, லினக்ஸின் கிராஃபிக்ஸ் லைப்ரரி. பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களை 2022இல் 22.0 பதிப்பில் முக்கியக் கிளையிலிருந்து எடுத்தபோது, அவற்றை ஆம்பர் என்று தனிக் கிளையாக வைத்துவிட்டார்கள். புது வசதி கிடைக்காது, பழைய கார்டு வைத்திருப்பவர் அதைக் கம்பைல் செய்து ஓட்டலாம், முக்கியக் கிளையில் வேலை செய்கிறவர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உங்கள் அளவுக்கு இதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். க்யூடி 6ஐ 32-பிட்டை நிறுத்தக் காரணமாக வைக்காதீர்கள். டெபியன் 12இன் ஐ386 (32-பிட்) களஞ்சியத்தில் க்யூடி 6.4 இருக்கிறது, நேராக அதில் கட்டலாம். கட்டுவதற்குப் பழைய மெஷினும் வேண்டாம், உங்கள் 64-பிட் கணினியிலேயே ஐ386 டெபியன் கன்டெய்னர் (தனியே ஓடும் குட்டி சிஸ்டம்) ஓடும், இரண்டு பில்டையும் ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். சீரியல் போர்ட்டையும் பிரிண்டரையும் மட்டும் நிஜ மெஷினில் சோதித்தால் போதும்.

பைசா பக்கைப் பொறுத்தவரை, 32-பிட் டெபியன், எஸ்எஸ்இ2 என்ற புதிய கணக்குக் கட்டளைகள் சிப்பில் இருப்பதாக எடுத்துக்கொள்ளாமல் கட்டப்படுகிறது, அதனால் கணக்கெல்லாம் எக்ஸ்87 என்ற பழைய கணக்கு யூனிட்டில் 80 பிட் துல்லியத்தில் நடந்து, நினைவகத்துக்குப் போகும்போது 64 பிட்டாகச் சுருங்குகிறது. எந்த இடத்தில் சுருங்கும் என்பதைக் கம்பைலர் தீர்மானிக்கிறது. ஜிசிசி கம்பைலரின் பக் பட்டியலில் 323ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள், வருஷக்கணக்காக ஆட்கள் வந்து புலம்பிவிட்டுப் போகிற இடம் அது. ஆனால் பணத்தை டபுளில் (புள்ளி வைத்த எண் வகை) வைத்திருக்கும்வரை 64-பிட்டிலும் நீங்கள் பத்திரமாக இல்லை. விலையைப் பைசாவாகவும், பாலை மில்லிலிட்டராகவும், ஃபேட்டை நூறால் பெருக்கியும் முழு எண்ணில் வைத்துவிடுங்கள், முழுமையாக்குவது எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதுங்கள். அப்புறம் எல்லா மெஷினும் ஒரே தொகையைச் சொல்லும்.

---

மூணாறு_டீச்சர் எழுதியது:

சித்தூர்ப்புழை அண்ணா, நான் நிரல் எழுதுகிற ஆள் கிடையாது, தேவிகுளம் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

கேரளத்துப் பள்ளிகளில் பல வருஷமாகவே உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற மென்பொருள்தான், அது உங்களுக்கும் தெரியும். எங்கள் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மூலையில் ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குகள் இருந்தன. 2008இல் வந்த சிப், 32-பிட் மட்டும். உபுண்டு டெஸ்க்டாப் 17.10 முதல் 64-பிட் மட்டும் என்றானதும் இவை வரிசையிலிருந்து கழன்றுகொண்டன. அதில் எனக்குக் குறை இல்லை, யாரோ சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையை நான் உரிமையோடு கேட்க முடியாது என்று புரிகிறது.

வலித்தது வேறு. பிள்ளைகள் வடிவியல் பயிற்சிக்குப் பயன்படுத்திய ஒரு சின்ன மென்பொருள், புதுப் பதிப்பு வந்ததும் பழைய 32-பிட் கோப்பை இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். எந்தப் பதிப்புவரை எங்கள் மெஷினில் ஓடும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நெட்புக் நன்றாகத்தான் இருந்தது, பாட்டரி போனாலும் சார்ஜரில் ஓடியது. ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகி மாற்றியபோது, திரும்பப் போட மென்பொருள் கிடைக்கவில்லை, அன்றோடு அது அலமாரிக்குப் போயிற்று. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் கணினி இல்லை. நல்ல கணினிகளை ஒன்பது, பத்தாம் வகுப்புக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மவுஸ் பிடித்துப் பழகியது அந்த நெட்புக்கில்தான்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நிறுத்துங்கள், ஆனால் கடைசியாக ஓடும் பதிப்பை நீக்காதீர்கள். அது எது என்று முதல் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். அதற்குத் தேவையான எல்லாவற்றையும், எழுத்துரு உட்பட, ஒரே கோப்பாக வைத்துவிடுங்கள். இணையம் இல்லாத இடத்தில் ஒரு பேக்கேஜ் இன்னொரு பேக்கேஜைக் கேட்டு நின்றுவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அறிவிப்பையும் முன்கூட்டியே கொடுங்கள். பள்ளிக்கு ஜூன் மாதத்துக்கு முன் தெரிய வேண்டும், உங்கள் சங்கங்களுக்கு ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன் தெரிந்தால்தானே செலவுக்கு ஒதுக்க முடியும்?

---

ஆரியங்காவு_சர்வீஸ் எழுதியது:

தம்பி, நான் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் கணினி பழுது பார்க்கிறவன். மேலே இரண்டு பேரும் சொன்னது சரிதான். இருந்தாலும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன்.

முதலில், அந்தச் சங்கங்களில் இருப்பது உண்மையிலேயே 32-பிட் மெஷின்தானா என்று பாருங்கள். எங்கள் கடைக்கு 32-பிட் என்று வருவதில் நிறைய, 64-பிட் சிப்பின் மேல் யாரோ 32-பிட் சிஸ்டம் போட்டுவிட்டுப் போனதுதான். டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்று அடித்தால் மேலே இரண்டாவது மூன்றாவது வரியில் ஆப்-மோட் என்று வரும், அதில் 32-பிட், 64-பிட் என்று இரண்டும் இருந்தால் அந்த மெஷின் டெபியன் 13ஐத் தாங்கும். கோர் 2 டுவோ எல்லாமே 64-பிட். ஆட்டத்தில் என்270 முடியாது, டி425, டி525 முடியும். பெண்டியம் 4இல்கூடக் கடைசியாக வந்த சில மாடல்கள் 64-பிட். ராம் ஒரு ஜிபிதான் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், சீட்டு அடிக்கிற வேலைக்குக் கனமான டெஸ்க்டாப் தேவை இல்லை. இந்தக் கணக்கை எடுத்தாலே உங்கள் 32-பிட் பட்டியல் சுருங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருக்கிற நிஜமான பெண்டியம் 4களைப் பற்றி. அந்தக் காலத்துப் போர்டுகளின் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நிற்கும், மூடியைத் திறந்தால் சிப்பைச் சுற்றிப் பழுப்பாகக் கசிந்திருப்பது தெரியும். துலாம் (ஐப்பசி) மாதத்து இடி ஒன்று போதும், நீளமான சீரியல் கேபிள் வழியாக அடித்துப் போர்ட்டைக் கொண்டுபோய்விடும். சீமாஸ் பாட்டரி தீர்ந்த மெஷினில் கரண்ட் போய் வந்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், உங்கள் சீட்டில் அந்தத் தேதிதான் அச்சாகும். பெண்டியம் 4இல் ப்ரெஸ்காட் ரகம் என்றால் சிப் மட்டுமே 84 வாட்டும் அதற்கு மேலும் தின்னும். இதையெல்லாம் தாங்குவதற்காக நீங்கள் ராத்திரி உட்கார்ந்து இரண்டாவது பில்ட் போடுவது சங்கத்துக்கும் நல்லதில்லை. ஒருநாள் அந்தப் போர்டு போகும், அன்றைக்கு உங்கள் மென்பொருளைத்தான் குறை சொல்வார்கள், டேட்டாவுக்கு நகல் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தேடுவார்கள்.

கம்பெனிகள் கழித்துவிடுகிற ஆபீஸ் ரகக் கணினிகள், இரண்டாம் மூன்றாம் தலைமுறை ஐ3 போட்டவை, கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் அப்படியே இருக்கும், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யூஎஸ்பி-சீரியல் கேபிள், அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. உங்கள் மென்பொருளில் போர்ட் பெயரை டிடிஒய்எஸ்0 என்று கோடிலேயே அடித்து வைத்திருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள், யூஎஸ்பி கேபிளில் டிடிஒய்யூஎஸ்பி0 என்று வரும்.

32-பிட்டை நிறுத்துவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதைச் செய்கிற வருஷம் அந்தச் சங்கத்துக்கு ஒரு ஆளாக நேரில் போய் மாற்றிக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

---

சித்தூர்ப்புழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

குப்பம் தம்பி சொன்ன முழு எண் மாற்றத்தை முதலில் செய்கிறேன், அது 32-பிட்டுக்கும் 64-பிட்டுக்கும் பொதுவான வேலை, எந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். அந்தத் திருத்தம் உள்ளே போன பிறகு வரும் பதிப்பை 32-பிட்டின் கடைசிப் பதிப்பாக அறிவித்து, ஒரு கிளையாகப் பிரித்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை என்பதால், அதுவரைக்கும் அந்தக் கிளையில் கணக்குத் தப்பானால் திருத்துவேன், விலைப் பட்டியலின் வடிவம் மாறினால் சேர்ப்பேன், வேறு எதுவும் கிடையாது. இந்தத் தேதியை மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்தில் எழுதி, பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். டீச்சர் சொன்னது போல எழுத்துருவோடு சேர்த்து ஒரே கோப்பு, அதுவும் செய்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. ஒரு சங்கம் 32-பிட்டிலேயே நின்று, இன்னொன்று 64-பிட்டுக்குப் போனால், பென்டிரைவில் டேட்டா கோப்பை மாற்றிக்கொள்வதில் சிக்கல் வருமா? அப்புறம், இந்த 64-பிட் மெஷின்களையும் இன்னும் சில வருஷத்தில் இப்படித்தான் விட வேண்டியிருக்குமா?

---

குப்பம்_பேக்கேஜ் எழுதியது:

எஸ்க்யூலைட் கோப்பு 32, 64 இரண்டிலும் ஒன்றேதான் அண்ணா, அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் புதுக் கிளையில் டேபிள்களில் புதிய நெடுவரிசை சேர்த்தால் பழைய கிளை அதைக் கண்டு திணறாமல் விட்டுவிட்டுப் படிக்க வேண்டும், அந்தக் கோடை 32-பிட் கிளையை மூடுவதற்கு முன் எழுதிவிடுங்கள். கோப்பில் ஒரு பதிப்பு எண்ணும் வையுங்கள். அப்புறம், எதுவுமே ஓடாமல் போனாலும் செயலாளர் படிக்கிற மாதிரி சிஎஸ்வியாக எல்லாக் கணக்கையும் வெளியே எடுக்கும் பொத்தான் ஒன்று இரண்டு கிளையிலும் இருக்கட்டும்.

64-பிட்டிலும் இது ஆரம்பித்துவிட்டது. 2025 மே மாதம் வந்த ரெட்ஹாட் நிறுவன லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கொண்ட ப்ராசஸர் வேண்டும் என்கிறது, இன்டெலில் அது 2013இல் வந்த ஹேஸ்வெல்லிலிருந்துதான் உண்டு. ஆரியங்காவு அண்ணன் சொன்ன இரண்டாம் மூன்றாம் தலைமுறை ஐ3இல் அது ஓடாது. அதையொத்த அல்மாலினக்ஸ் பழைய மெஷின்களுக்கென்று தனி பில்ட் கொடுக்கிறது. டெபியன் இன்றும் அடிப்படை 64-பிட் சிப்புக்கே கட்டுகிறது, அதனால் சங்கங்களுக்கு டெபியனிலேயே இருங்கள்.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. அலமாரியில் இருக்கும் நெட்புக்குகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ், டெபியன் 12இன் மேல் கட்டியது, 32-பிட் பதிப்பு உண்டு, என்270இல் ஓடும்.

---

ஆரியங்காவு_சர்வீஸ் எழுதியது:

தம்பி, எல்எஸ்சிபியு திரையைச் சங்கத்துக்கு ஒன்றாக ஃபோட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பின்பக்கப் போர்ட்டுகளும் தெரிகிற மாதிரி இன்னொன்று. எது தேறும், எது தேறாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். தேறாத இடங்களுக்கு சீரியல் போர்ட் உள்ள பெட்டியாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன், பாலக்காடு ரயிலில் ஏற்றிவிடலாம்.